தோமஸ் கலடெற் சரிதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென நிலைபெற்ற முதற் பாடசாலையை நடத்தியவர் தோமஸ் ஹொப்கின்ஸ் கலடெற் என்பவர். அவர் காலமாகி நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவர் நமது நாட்டினரல்லர், நமது சமயத்தினருமல்லர், கிறித்தவ குருவாதற்குக் கற்றுத் தேறியவர். ஆயினும், பிள்ளைகளுக்குக் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் அவருடைய சரிதத்தை அறிந்திருத்தல் நன்று என்னுங் கருத்தால் இதனை எழுதப் புகுந்தோம். கற்பிக்கும் முறையைத் தேடிக் கடல் கடந்தோர் பலருளர். பிள்ளைக்குரிய மொழியைத் தாம் முதலிற் கற்றல்வேண்டும் என்று கண்டு, அப்பிள்ளையைப் போன்ற ஒருவரிடமே மாணாக்கராயிருந்து அதனைக் கற்றோர் மிகச் சிலரே. கலடெற் அச்சிலருள் ஒருவர்.

அவர் 1787ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி பிலதெல்பியா நகரிற் பிறந்தார். தந்தையார் பீற்றர் கலடெற். தாயார் ஜேன் ஹொப்கின்ஸ். பிள்ளைகள் பலர் பிறந்த அக்குடும்பத்துக்கு அவரே தலைப்பிள்ளை. 1800ஆம் ஆண்டிலே குடும்பத்தார் கனெற்றிக்கற் மாகாணத்து ஹாட்போட் நகரிற் குடியேறினர். பதினேழாம் வயதில், 1805இல், யேல் கல்லூரியிற் பட்டம் பெற்றார். கூரிய அறிவும் மெலிந்த உடம்பும் அவருக்கு இளமைதொட்டே உடன்வந்தன. பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் இன்ன தொழிலென்று துணியாது அலைந்தார். நியாயவாதி ஒருவரிடஞ் சட்டம் படித்தார். உடல் இடங்கொடாமையால் விட்டார். யேலிலே துணை ஆசிரியராயிருந்தார். பின்பு வியாபாரத்தின் பொருட்டு மேற்கு மாகாணங்களுக்குக் குதிரையேறிச் சென்றார். இவற்றுள் ஒன்றும் மனத்துக்கு இசையாது போகவே, 1812இல் அந்தோவர் வேதசாத்திர கலாசாலையிற் சேர்ந்து, 1814இல் அதனை முடித்து வெளிவந்தார்.

அந்தோவர் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. அதே கலாசாலையிலிருந்து அதே 1814ஆம் ஆண்டிற் கற்றுத் தேறி வெளிவந்த மற்றொருவர், 1816இல் தெல்லிப்பழைக்கு வந்து, பின்பு வட்டுக்கோட்டைச் சாத்திர கலாசாலைக்கு முதல் அதிபராயிருந்த டானியல் பூவர் ஐயர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மனோர்க்கு அவருடைய பெயர் சிறுவயது முதலே பழக்கமானது. ஒரே காலத்து ஒரே கலாசாலையிற் கற்ற இருவருள் ஒருவர் பல்லாயிரங் காதம் கடந்து நம் ஊர்க்கு வந்தார்; மற்றவர் தம் வீட்டுக்கு அடுத்த வளவுக்குச் சென்றார். அவ்வளவுக்குச் சென்ற வரலாற்றை இனிச் சொல்வோம்.

அந்த வளவு மேசன் கொக்ஸ்வெல் என்னும் புகழ்பெற்ற சத்திர வைத்தியருடையது. அவருக்கு அலிஸ் என்னும் மகள் ஒருத்தி இருந்தாள். 1805இற் பிறந்த அவள் இரண்டு வயதிற் கண்ட கொடிய காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தாள். அதன்பின் பேச்சும் போயிற்று. 1814ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், கலடெற் உடல்நலங் குன்றி வீட்டில் இளைப்பாறியிருந்தபோது, அயலிலுள்ள பிள்ளைகளும் தம் இளைய சகோதரரும் விளையாடும் இடத்திலே அலிஸ் மாத்திரந் தனித்து நிற்பதைக் கண்டார். அருகிற் சென்று தம் தொப்பியைக் கையிற் கொடுத்து, தொப்பியைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை ஒரு கோலால் மண்ணில் எழுதி, எழுத்தையும் பொருளையும் மாறிமாறிச் சுட்டிக் காட்டினாரென்றும், அப்பிள்ளை அவ்விரண்டுக்குமுள்ள தொடர்பைப் பற்றிக்கொண்டாளென்றுஞ் சொல்லுவர். நமது திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல்வைத்து எழுதிய முறையை அறிந்தவர்க்கு இக்காட்சி அயலானதாகத் தோன்றாது.

இதிற் பெரிது யாதெனின், அப்பிள்ளைக்கு அறிவு உண்டென்று அவர் துணிந்ததே. கேளாதார் பேசமாட்டார், பேசாதார் எண்ணமாட்டார், ஆதலின் அவர்க்குக் கல்வி இல்லை என்பது அக்காலத்துப் பெரும்பாலோர் கொள்கை. நமது நாட்டிலும் ஊமை என்னுஞ் சொல் எவ்வளவு எளிதாக மூடன் என்னும் பொருளுக்கு நழுவிவிடுகின்றது என்பதை உபாத்தியாயர்கள் அறிவார்கள். கடைசி வாங்கிலே, இது மந்தம் என்று விடப்பட்டிருக்கும் பிள்ளைக்குச் செவி கேட்கின்றதா என்று சோதித்துப் பார்த்தோர் நம்மில் எத்தனை பேர்?

கொக்ஸ்வெல் வைத்தியர் தம் மகளை மாத்திரம் எண்ணினாரல்லர். 1812இலேயே குருமாரைக் கொண்டு கனெற்றிக்கற் மாகாணத்திற் கணக்கெடுப்பித்து, அங்கே செவிப்புலனற்றோர் 84 பேர் உளரென்று அறிந்திருந்தார். அத்தனை பேர் இருக்கும்போது தனித்தனியே வீட்டுக்கு ஆசிரியர் வைத்தல் இயலாது, பாடசாலையே வேண்டும். 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி நகரத்துப் பெரியோர் சிலர் அவர் வீட்டிற் கூடினர். ஐரோப்பாவுக்கு ஒருவரை அனுப்பி, அங்குள்ள முறையைக் கற்றுவரச் செய்வதென முடிவாயிற்று. கலடெற்றைக் கேட்டார்கள். அவர் உடனே இசைந்தாரல்லர்; தம் உடல்நிலையையும் குருத்துவக் கடமையையும் எண்ணிச் சில நாள் தயங்கினார். பின்பு இசைந்து, மே மாதம் 25ஆந் திகதி நியூயோர்க்கிற் கப்பலேறினார்.

இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் அவருக்கு நேர்ந்தவை கல்வியாளர் வெட்கப்படத்தக்கவை. அங்கே கேளாப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வித்தை பிறெய்ட்வுட் என்னுங் குடும்பத்தாரிடமும் அவர்தங் கிளையினரிடமும் இருந்தது. பெரும்பாலும் வாய்ப்பேச்சைப் பழக்கும் முறை அது. அதனை அவர்கள் குடும்ப முதுசொம்போலப் பொத்திவைத்துப் பொருளீட்டினர். இலண்டன் பாடசாலையின் தலைவர், கலடெற் மூன்றாண்டு அங்கே துணை ஆசிரியராய் உழைப்பதற்கு உடன்பட்டாலன்றி முறையைக் காட்டுவதற்கில்லை என்றார். எடின்பரோவிலிருந்த ஆசிரியர் நல்ல மனத்தர், கற்பிக்க விரும்பினார், ஆனால் பிறர்க்கு வெளியிடேன் என்று அக்குடும்பத்தாருக்கு எழுதிக்கொடுத்த முறி அவர் கையைக் கட்டியிருந்தது. மாதங்கள் கழிந்தன. கொண்டுவந்த பணமுங் குறைந்துகொண்டே வந்தது.

வித்தையை மறைத்தார்க்கு வந்த பயனையும் இங்கே சொல்லிவிடுதல் தகும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் செவியுடையோர் பேசுவது ஒரே ஆங்கிலம். செவிப்புலனற்றோர் கையாற் பேசும் மொழியோ அவ்விரு தேசங்களிலும் வேறுவேறு. அமெரிக்கரது சைகைமொழி பிரெஞ்சுச் சைகைமொழிக்கு உறவு. விரலெழுத்தும் பிரான்சிலுள்ளது போல ஒரு கையால் ஆவது. பிரித்தானியரது விரலெழுத்து இரு கைகளால் ஆவது. ஒருவர் பேச்சை மற்றவர் எளிதில் உணரார். பிறெய்ட்வுட் குடும்பத்தார் அன்று கதவைத் திறந்திருப்பாராயின், இது வேறு விதமாய் முடிந்திருத்தல் கூடும்.

பாரிசு நகரிலே நிலைமை வேறு. அங்கே லெப்பே என்னுங் குரு, செவிப்புலனற்ற இரட்டைச் சகோதரிமார்க்குக் கற்பிக்கத் தொடங்கி, 1760ஆம் ஆண்டளவிலே ஒரு பாடசாலையை உண்டாக்கினார். அவர் செய்த புதுமை ஒன்று. கேளாதார் தமக்குள்ளே கையாற் பேசிக்கொள்வது வெறுங் குறும்பன்று, அது மொழி என்று கண்டு, அதனையே கல்விக்கு வாயிலாக்கினார். தம் முறையை எவரும் வந்து பார்க்க விட்டார். அவர் 1789இற் காலமானபின் அப்பாடசாலை சிக்கார் என்பவர் பொறுப்பில் வந்தது. 1815ஆம் ஆண்டிலே சிக்கார் தம் மாணாக்கருள் ஆசிரியராய் உயர்ந்த மசியூ, கிளேர் என்னும் இருவருடன் இலண்டனுக்கு வந்து, பொதுச் சபைகளிற் செய்துகாட்டினார். சபையோர் கேட்ட கடினமான வினாக்களுக்கு அவ்விருவரும் அழகிய பிரெஞ்சு மொழியிற் பலகையில் விடை எழுதினர். கலடெற் அதனைக் கண்டார். சிக்கார் அவரைப் பாரிசுக்கு அழைத்தார். எடின்பரோவிற் காத்திருந்து பயனின்மை தெளிந்தபின், 1816இன் முற்பகுதியிற் கலடெற் பாரிசுக்குப் போனார்.

ஈண்டு லோறான் கிளேர் என்பாரைப்பற்றிச் சிறிது விரித்தல் வேண்டும். அவரை விட்டுக் கலடெற் சரிதம் இல்லை. 1785இற் பிரான்சு தேசத்து ஒரு சிற்றூரிற் பிறந்த கிளேர், ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபோது அடுப்பு நெருப்பில் விழுந்தார். வலக் கன்னத்தில் வடுவுண்டாயிற்று. செவிப்புலனும் அதனாற் போயிற்றென்று வீட்டார் நம்பினர். அவ்வடுவே அவர் பெயருமாயிற்று: இரு விரல்களாற் கன்னத்தைத் தடவுதல் கேளாதாரிடையே அவரைக் குறிக்குஞ் சைகை. பன்னிரண்டாம் வயதிற் பாரிசுப் பாடசாலையிற் சேர்ந்து, அங்கேயே ஆசிரியருமாகி, உயர்ந்த வகுப்பை நடத்திவந்தார்.

யேலிற் பட்டமும் அந்தோவரிற் சாத்திரமும் பெற்ற கலடெற், கேளாதார் ஒருவர் முன்னே மாணாக்கராய் அமர்ந்தார். மிகக் கீழ்வகுப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வகுப்பாகச் சென்று பார்த்தார். சில மாதங்களிலே ஓர் உண்மை அவருக்கு விளங்கிற்று: தாம் இம்மொழியை நிறையக் கற்று முடித்தற்குக் காலமும் பணமும் இல்லை, கற்றாலுந் தம் கையில் வருவது பிறமொழியாளன் பேச்சே. கிளேரையே அமெரிக்காவுக்கு அழைத்தார். முறையைக் கற்றுவரச் சென்றவர் ஆசிரியரையே உடன்கொண்டு திரும்ப முனைந்ததை, நாம் அவர் செய்தவற்றுள் தலையாயதாக மதிக்கின்றோம். தம் பெயரால் நடக்க இருந்த காரியத்தில் இன்னொருவரைத் தமக்கு மேலான வல்லுநராக ஏற்றல் எளிதன்று.

கிளேர் தாயாரிடம் விடைபெறச் சென்றபோது தாயார் எளிதில் இசையவில்லை. சிக்காருக்கும் அவரை இழத்தல் வருத்தமே. ஈற்றில் மூன்றாண்டுக்கு ஒப்பந்தமெழுதி, 1816ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி இருவரும் கப்பலேறினர். கப்பல் நியூயோர்க்கை அடைய 52 நாள் சென்றன. அந்நாள்களிலே கிளேர் கலடெற்றுக்குச் சைகைமொழியும், கலடெற் கிளேருக்கு ஆங்கிலமுங் கற்பித்தனர். கிளேர் அப்பயணத்தைப்பற்றி ஆங்கிலத்திலேயே நாட்குறிப்பு எழுதிப் பழகினார். ஒருவர்க்கொருவர் உபாத்தியாயரும் ஒருவர்க்கொருவர் மாணாக்கருமாய் இருவர் சென்ற அக்கப்பலே அமெரிக்கச் செவிப்புலனற்றோரின் முதல் ஆசிரிய கலாசாலை எனலாம். மூன்றாண்டுக்கென வந்த கிளேர் 1858 வரை கற்பித்து, 1869இல் அந்நாட்டிலேயே காலமானார்.

கரைசேர்ந்ததும் பொருள் திரட்டப் புறப்பட்டனர். ஊரூராய்ச் சபை கூட்டுவர், கலடெற் பேசுவர், சபையோர் ஐயுற்றுக் கேட்பனவற்றுக்குக் கிளேர் பலகையில் விடை எழுதுவர். கேளாதார் அறிவுடையர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லையாயிற்று. கனெற்றிக்கற் சட்டசபையார் 5,000 டொலர் வழங்கினர். 1817ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி, ஹாட்போட் நகரத்து வாடகைக் கட்டடமொன்றில், ஏழு மாணாக்கருடன் பாடசாலை தொடங்கிற்று. அலிஸ் அவ்வேழு பேரில் ஒருத்தி, வயது 11. அவ்வேழு பேரில் மூத்தவர் ஜோன் புறூஸ்ரர் என்னும் ஓவியர், வயது 51. மனிதர் முகங்களைத் தீட்டிச் சீவனஞ் செய்த அவர், கல்வி கிடைக்குமென்று கேட்டதும் சிறுமியரோடு ஒரே வகுப்பில் வந்து அமர்ந்தார். 1819இல் நாட்டுப் பேரவையார் அலபாமாவில் 23,000 ஏக்கர் நிலத்தைப் பாடசாலைக்கு உதவினர். அயல் மாகாணங்களுந் தத்தம் பிள்ளைகளைச் செலவுகொடுத்து அனுப்பின.

கற்பித்த முறையை உபாத்தியாயர் அறிய விரும்புவர். பொருளைக் காட்டுதல், அதன் உருவத்தைப் பலகையில் வரைதல், அதற்குரிய சைகையைச் செய்தல், பின் விரலெழுத்தாற் பெயரைக் கூட்டிக் காட்டுதல், ஈற்றில் அப்பெயரை எழுதுவித்தல். பருப்பொருளுக்கு இது போதும். வினைக்கும் காலத்துக்கும் இடைச்சொல்லுக்கும் என் செய்வது? ஆங்கில இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒவ்வொரு சைகையை ஆசிரியரே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் லெப்பே காலத்திலிருந்து வந்தது. ஹாட்போட்டிலும் முதலில் அவ்வாறே செய்தனர். நாளடைவில் அது பயனற்ற சுமையென்று தெளிந்து, பிள்ளைகள் தமக்குள் இயல்பாகப் பேசுஞ் சைகையிலேயே கருத்தை விளக்கி, ஆங்கிலத்தை எழுத்தாற் கற்பிக்கும் முறைக்கு வந்தனர். அப்பிள்ளைகளும் வெறுங்கையராய் வந்தாரல்லர். மார்த்தாவின் திராட்சைத் தோட்டம் என்று பொருள்படும் பெயருடைய மார்த்தாஸ் வின்யாட் தீவிலே பரம்பரையாகச் செவிப்புலனற்றோர் பலர் இருந்தமையால், செவியுடைய அயலாரும் அங்கே கையாற் பேசுவர். அத்தீவுப் பிள்ளைகளின் மொழியும், பிறர் தத்தம் வீடுகளிலிருந்து கொணர்ந்த சைகைகளும், கிளேருடைய பிரெஞ்சுச் சைகைகளும் விடுதியிற் கலந்தன. இன்று அமெரிக்கச் சைகைமொழி எனப்படுவது அவ்விதம் விளைந்ததே.

கலடெற்றின் முதல் நோக்கம் அப்பிள்ளைகள் தம் வேதத்தை அறிதல்வேண்டும் என்பது. அதை அவர் மறைக்கவில்லை, நாமும் மறைக்கவேண்டியதில்லை.

பாடசாலை தொடங்கிய ஆண்டிலேயே சேர்ந்தவர்களுள் சோபியா பௌலர் என்னும் பெண்மணி ஒருவர். கில்போட் என்னும் ஊரிலே கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர்; பிறவியிலேயே செவிப்புலனற்றவர்; தமக்கையாரும் அவ்வாறே. பத்தொன்பது வயதுவரை எழுத்தறியார். சில ஆண்டுகளிற் கல்வி பெற்றார். 1821ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி கலடெற் அவரை மணந்தார். செவியுடைய ஒருவர், அதிலும் பாடசாலை அதிபர், கேளாத பெண்ணை மணத்தல் அக்காலத்தில் ஊர் வாயை அடக்கக்கூடியதன்று. கலடெற் பொருட்படுத்தவில்லை. அவர்களுக்கு நான்கு ஆண்மக்களும் நான்கு பெண்மக்களுமாக எண்மர் பிறந்தனர். எண்மருஞ் செவியுடையர். தாயின் மொழி கைமொழியாதலால், எண்மரும் அதைத் தாய்மொழியாகக் கற்றனர். பகலிற் பாடசாலையிற் பேசிய மொழியே இரவில் வீட்டிலும் பேசப்பட்டது. பிற்காலத்தில், 1847இலும் அடுத்த ஆண்டிலும், சைகைமொழியின் இயல்பைப்பற்றிக் கலடெற் எழுதிய கட்டுரைகளிலே, கேளாப்பிள்ளையின் தாய், தந்தை, சகோதரர், அயலார் யாவரும் அப்பிள்ளையின் மொழியைப் பழகவேண்டும் என்று வற்புறுத்தினார். ஏட்டிலிருந்து எழுதினாரல்லர், தம் வீட்டு முற்றத்திலிருந்து எழுதினார்.

1830இல் அதிபர் பதவியை விட்டார். உடல் தளர்ச்சி ஒரு காரணம். நிருவாக சபையாரோடு நேர்ந்த மனத்தாங்கல் மற்றொன்று. பதின்மூன்றாண்டு அதிபராயிருந்தவர், அதற்கு முன்னும் பின்னுஞ் செய்தவை வேறு. ஆசிரியராவார்க்குத் தனிப் பயிற்சிக் கலாசாலை வேண்டும் என்று 1825இலேயே எழுதினார். அமெரிக்காவிலே அரசினர் ஆசிரிய கலாசாலை ஒன்றாயினுந் தோன்றாத காலம் அது. பெண்கல்விக்காகவும் உழைத்தார். பதவி விட்டபின் பிள்ளைகளுக்கான நூல்களை எழுதிக் குடும்பத்தைக் காத்தார். பெருஞ்சம்பளத்துடன் வந்த அழைப்புகளை மறுத்து ஹாட்போட்டிலேயே இருந்தார். அந்நகரச் சிறையிலுள்ளாரிடம் ஞாயிறுதோறுஞ் சென்று ஊதியம் பெறாது உழைத்தார். 1838 முதல் இறக்குமளவும், மனநோயுற்றோர் இல்லத்திற்குக் குருவாயிருந்தார். உலகம் பேசாது ஒதுக்கிய மனிதர் எங்குளரோ அங்கே அவருடைய கால்கள் சென்றன.

குறையில்லாதவர் என்று யாம் அவரைக் காட்டப் புகவில்லை. விடுதலைபெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பிவிடுவதே நன்று என்ற இயக்கத்தை அவர் ஆதரித்தார். அம்மக்களுள் மிகப் பலர் அதனை வெறுத்தனர். தாம் பிறந்த நாட்டிலேயே உரிமை கேட்டனர். கேளாதாரின் மொழியைக் கேட்டறிந்தவர், இம்மக்களின் குரலை அவ்வளவு பொறுமையோடு கேட்டாரல்லர். எனினும், 1839இல் அமிஸ்தாட் என்னுங் கப்பலிற் பிடிபட்டுக் கனெற்றிக்கற்றிற் சிறைவைக்கப்பட்ட ஆபிரிக்கரோடு எவரும் பேச வழியற்றிருந்தபோது, சைகையாற் பேசிப்பார்க்கச் சென்றவர்களுள் அவரும் ஒருவர்.

அலிஸ் நெடுநாள் வாழவில்லை. 1830ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே தந்தையார் காலமாக, அத்துயர் தாங்காது, அம்மாத முடிவுக்குள் அவளும் இறந்தாள். வயது 25.

1850ஆம் ஆண்டு செப்தெம்பர் 26ஆந் திகதி, இருநூற்றுக்கு மேற்பட்ட செவிப்புலனற்றோர் பல மாகாணங்களிலுமிருந்து ஹாட்போட்டில் வந்து கூடினர். கலடெற்றுக்குங் கிளேருக்கும் வெள்ளிக் குடங்களும் தட்டுகளும் பரிசளித்தனர். அதற்கான பணத்தைத் தாமே சேர்த்தனர். முதல் வகுப்பு ஏழு பேராயிருந்ததை எண்ணினால், அந்த மண்டபம் நிறைந்திருந்ததன் பொருள் விளங்கும். கூட்டம் நிறைந்தும் மண்டபத்திற் சந்தடியில்லை. கைகள் மாத்திரம் பேசின. மறு ஆண்டு, 1851 செப்தெம்பர் 10ஆந் திகதி, அறுபத்துமூன்றாம் வயதிற் கலடெற் காலமானார்.

கணவர் இறந்ததோடு வீட்டின் பணி ஓய்ந்ததில்லை. மூத்த மகன் தோமஸ் குருவாகி, 1852இல் நியூயோர்க்கிற் கேளாதார்க்கென ஒரு தேவாலயத்தை நிறுவினார். அவரும் கேளாத பெண்ணையே மணந்தார். இளைய மகன் எட்வேட் மைனருக்குத் தந்தை இறந்தபோது வயது 14. பாங்கில் எழுதுவினைஞராயிருந்து, பின்பு கல்லூரியிற் படித்து, தந்தையார் பாடசாலையிற் கற்பித்தார். 1857இலே, வாஷிங்டன் நகரிற் கேளாதார்க்குங் குருடர்க்குமாகத் தொடங்கிய பாடசாலைக்கு, ஏமஸ் கெண்டல் என்னுஞ் செல்வர் அவரைத் தலைவராக்கினார். அப்போது அவருக்கு வயது 20. மணமாகாத இளைஞன் விடுதிச்சாலையை எங்ஙனம் நடத்துவது? தாயார் சோபியா உடன்வந்து விடுதித் தலைவியானார். அவருக்கு வயது 59.

ஒன்பதாண்டு அம்மையார் அப்பதவியிலிருந்தார். சட்டசபை அங்கத்தவர்களை வீட்டுக்கு அழைத்து உபசரிப்பார். கேளாதார் உயர்கல்வி பெறத்தக்கவரோ என்று ஐயுற்று வந்தவர், அவ்வீட்டின் தலைவியாகிய கேளாத பெண்மணியோடு எழுதியுஞ் சைகையிலும் உரையாடித் திரும்புவர். மகன் எழுதிய விண்ணப்பங்கள் பல; தாயார் இருந்த இருப்பே அவற்றுள் வலிய விண்ணப்பம் என்பது நமது துணிபு. 1864ஆம் ஆண்டு ஏப்பிரல் 8ஆந் திகதி, அந்நிலையம் பட்டம் வழங்குதற்குரிய சட்டத்திலே சனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சோபியா அம்மையார் 1877இற் காலமானார். 1894இல் அக்கல்லூரிக்கு, மகன் பெயராலன்றித் தந்தையார் பெயராற் கலடெற் கல்லூரி எனப் பெயர் வைத்தனர்.

ஆயினும், அவர் கட்டியதை இடிக்கக் காலம் வந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கேளாதார் கல்வி பற்றிய மகாநாடு ஒன்று கூடிற்று. வந்திருந்த பிரதிநிதிகள் 164 பேர். அவருட் செவிப்புலனற்றவர் ஒருவரே. பாடசாலையிற் சைகை கூடாது. வாய்ப்பேச்சே பழக்கவேண்டும் என்று தீர்மானித்தனர். எதிர்த்தவர் ஒரு கைவிரல்களிலே ஏறக்குறைய எண்ணத்தக்கவர். அவருள் எட்வேட் மைனர் ஒருவர். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாடசாலைகளிலிருந்து கைமொழி துரத்தப்பட்டது. கேளாத ஆசிரியர்கள் பதவி இழந்தனர். வகுப்பிற் கையசைத்த பிள்ளை தண்டிக்கப்பட்டது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகம் பெல் இம்முறைக்குப் பெருந்துணையாயிருந்தார். அவருடைய தாயாருஞ் செவிப்புலனற்றவர், மனைவியாருஞ் செவிப்புலனற்றவர். அன்பில்லாதவர் என்று அவரைச் சொல்லுதல் ஒல்லாது. ஆனால் அன்பு வேறு. பிள்ளையின் மொழியை மதித்தல் வேறு. நமது நாட்டு ஆங்கிலப் பாடசாலைகள் சிலவற்றிலே தமிழ் பேசிய பிள்ளையிடந் தண்டம் வாங்கினார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தண்டம் வாங்கியவர்களும் அப்பிள்ளையின் நன்மையைக் கருதியே அவ்வாறு செய்ததாக எண்ணியிருந்தனர்.

எட்வேட் மைனர் வாய்ப்பேச்சைப் பழக்கலாகாது என்றாரல்லர். அது இயன்ற பிள்ளைக்கு அதனையுங் கற்பிக்க. கைமொழியை ஒருவர்க்கும் மறுக்கற்க என்பது அவர் கொள்கை. 1910 வரை கல்லூரித் தலைவராயிருந்து அதனைக் காத்தார். பிறவிடங்களிற் பாடசாலைக்குள் மூச்சடங்கிய கைமொழி அக்கல்லூரியில் உயிரோடிருந்தது. அங்கே 1988இல், செவிப்புலனற்ற ஒருவரே தலைவராதல்வேண்டும் என்று மாணாக்கர் கிளர்ந்து எழுந்து, ஒரு வாரத்தில் வென்றனர். கல்லூரி தொடங்கி 124 ஆண்டு சென்றபின் கிடைத்த வெற்றி அது. மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் விளைந்த கேட்டுக்கு வருந்தி, கேளாதார் கல்வி பற்றிய அதே சர்வதேச மகாநாடு வன்கூவர் நகரில் அறிக்கை செய்தது 2010இல்.

கல்லூரி வளவிலே கலடெற்றுக்கு ஒரு சிலை உண்டு. டானியல் செஸ்ரர் பிரெஞ்சு என்னுஞ் சிற்பி ஆக்கியது, 1889இல் நிறுவப்பட்டது. கலடெற் இருக்கையில் அமர்ந்து, ஒரு கையால் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தைக் காட்டுகின்றார். அலிஸ் அவர் அருகில் நின்று, அவர் முகத்தை நோக்கியவாறு, அதே எழுத்தைத் தன் கையாற் காட்டுகின்றாள். அச்சிலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர் நாடெங்கும் பரந்திருந்த செவிப்புலனற்றோரே.